பண்ணைக்காட்டுப் பக்கம் 5 ஏக்கர் சரிவு நிலம்: மினி டிராக்டரா, பழைய பெரிய வண்டியா, பவர் டில்லரா?

மலைவாழைத் தோட்டம்:
அனைவருக்கும் வணக்கம். பழனி மலைத்தொடரில் பண்ணைக்காட்டுக்கும் தாண்டிக்குடிக்கும் நடுவில் எங்களுக்கு 5 ஏக்கர் இருக்கிறது. மேலே இரண்டரை ஏக்கர் காபி, சில்வர் ஓக் நிழலில் மிளகு ஏறியிருக்கிறது, ஊடே கொஞ்சம் ஆரஞ்சு. நடுவில் ஓர் ஏக்கர் மலைவாழை. கீழே ஓடையை ஒட்டிய ஒன்றரை ஏக்கர் மட்டும் கல்லுக்கட்டு போட்டு ஓரளவு சமமாக இருக்கும். அதில் பீன்ஸும் சௌசௌவும் போடுகிறோம். தார் ரோட்டிலிருந்து தோட்டத்துக்கு ஜீப் பாதை உண்டு, முக்கால் கிலோமீட்டர் இருக்கும். கடைசி இறக்கம் நல்ல செங்குத்து.

இதுநாள் வரை சுமையெல்லாம் தலையிலும் குதிரையிலும்தான். இப்போது குதிரைக்காரர்கள் குறைந்துவிட்டார்கள், கூலிக்கு ஆளும் கிடைப்பதில்லை. உழவுக்கு, எரு இறக்க, காய் ஏற்ற, மருந்து அடிக்க என்று எல்லாவற்றுக்கும் ஒரே வண்டி வாங்கிவிடலாம் என்று அப்பா சொல்கிறார். கையில் ஆறு லட்சம் வரை புரட்ட முடியும். மூன்று வழி தெரிகிறது. ஒன்று, 24 எச்.பி. ஃபோர் வீல் மினி டிராக்டர் புதிதாக. இரண்டு, மாமா ஒருவர் கொடுக்கச் சம்மதித்திருக்கும் 39 எச்.பி. பழைய டிராக்டர், டூ வீல் டிரைவ் (இன்ஜின் சக்தி பின் சக்கரத்துக்கு மட்டும் போவது), மூன்று லட்சம். மூன்று, கைப்பிடியைப் பிடித்துப் பின்னால் நடந்தபடி ஓட்டும் பவர் டில்லர். மலையில் ஓட்டிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

சமவெளி உழவன் (ஒட்டன்சத்திரம்):
மாமா வண்டியை விடாதீர்கள் தம்பி. 39 எச்.பி. என்றால் ஒன்பது கொத்துக் கலப்பையை இழுக்கும், டிரெய்லரில் இரண்டு டன் ஏற்றலாம், உதிரி பாகம் எந்தக் கடையிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கழற்றி மாட்டுவார். மினி டிராக்டருக்குப் போட்ட காசு திரும்பி வர நாளாகும். வண்டி கனமாக இருந்தால்தான் சக்கரம் பிடிக்கும். மலை ஏற எச்.பி. வேண்டாமா?

வத்தலக்குண்டு பட்டறை:
மலையில் எச்.பி. பார்த்து வண்டி எடுக்கக் கூடாது தம்பி. ஏறும்போது சக்தி போதவில்லை என்றால் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். இறங்கும்போது பிடி போதவில்லை என்றால்தான் ஆள் போவது.

டூ வீல் டிராக்டரில் பிரேக் பின் சக்கரத்துக்கு மட்டும்தான். இறக்கத்தில் எடை முழுவதும் முன்னால் சாய்ந்துவிடும், பின் சக்கரம் லேசாகிவிடும். பிரேக்கை மிதித்தால் அந்த லேசான சக்கரம் அப்படியே நின்று, ஈர மண்ணில் வழுக்கிக்கொண்டு போகும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கேட்காது. ஃபோர் வீல் லீவரைப் போட்டிருந்தால் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே கியரில் பூட்டியிருக்கும். பின்னால் மிதிக்கும் பிரேக் முன் சக்கரத்தையும் பிடிக்கும், இன்ஜின் பிடிப்பும் நாலு சக்கரத்துக்கும் போகும். ஃபோர் வீல் என்பது ஏறுவதற்கு என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். உங்கள் கடைசி இறக்கத்துக்கு அது பிரேக்.

பட்டறைக்கு வரும் மலை வண்டிகளில் கிளட்ச் பிளேட்டும் பிரேக் ஷூவும்தான் முதலில் போகிறது. பாதி பேர் இறக்கத்தில் கிளட்சை மிதித்துக்கொண்டோ, நியூட்ரலில் போட்டோ இறக்குகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரிலோ அதற்கும் கீழேயோ இறங்க வேண்டும், அதுவும் இறக்கம் தொடங்கும் முன்பே கியர் போட்டிருக்க வேண்டும். நடுவழியில் கியர் மாற்றப் போனால் வண்டி உங்கள் கையில் இல்லை. இன்னொன்று, இடது வலது பிரேக் பெடல் இரண்டையும் சேர்த்துப் பூட்டும் கொக்கி இருக்கும், ரோட்டிலும் இறக்கத்திலும் அது மாட்டியே இருக்கட்டும்.

கொல்லிமலை மரவள்ளி:
எங்கள் ஊரில் மரவள்ளிக் காட்டுக்கு நான் பவர் டில்லர்தான் வைத்திருக்கிறேன். 13 எச்.பி., நானூறு கிலோ அளவு. தட்டு தட்டாக இருக்கிற நிலத்துக்கு நல்ல பொருள்தான். அகலம் குறைவு, கல்லுக்கட்டு ஓரம் வரை போகலாம், மேலே உட்கார்ந்து ஓட்டுவதில்லை என்பதால் கவிழ்ந்தாலும் கைப்பிடியை விட்டுவிட்டு ஒதுங்கிவிடலாம்.

ஆனால் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். சமதரையில் இடது கைப்பிடியில் இருக்கும் கிளட்சை அழுத்தினால் டில்லர் இடது பக்கம் திரும்பும், ஏனென்றால் இடது சக்கரத்துக்குச் சக்தி நின்றுவிடுகிறது. இறக்கத்தில் இதுவே தலைகீழ். அங்கே இன்ஜின்தான் வண்டியைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறது. இடது கிளட்சை அழுத்தினால் இடது சக்கரம் பிடி விட்டு ஓடும், டில்லர் வலது பக்கம் திரும்பிவிடும். புதிதாக ஓட்டுகிறவர் பதற்றத்தில் இன்னும் அழுத்துவார், அது பள்ளத்தைப் பார்த்துப் போகும். செங்குத்து இறக்கத்தில் கிளட்சைத் தொடாமல் கைப்பிடியைத் தள்ளித்தான் திருப்ப வேண்டும். டிரெய்லர் மாட்டி ஜீப் பாதையில் இறக்கும்போது இது இன்னும் மோசம். இறக்கத்தில் நான் டில்லரில் சுமையோடு போவதே இல்லை, மேடு ஏறும்போது மட்டும்தான் சுமை.

வேளாண் பொறியியல் (ஓய்வு):
விவாதம் வண்டியிலிருந்து தொடங்கிவிட்டது, நிலத்திலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். தம்பி, முதலில் சரிவை அளந்து சொல்லுங்கள். பத்து அடி நீளத்துக்கு நேரான குச்சி ஒன்றும், கொத்தனாரிடம் இருக்கும் ரசமட்டமும் போதும். குச்சியின் ஒரு முனையைச் சரிவின் மேல்பக்கத் தரையில் வையுங்கள். மறுமுனையைக் கீழ்ப்பக்கம் நீட்டி, ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்கும்வரை தூக்குங்கள். அந்த முனையிலிருந்து தரை வரை எத்தனை அடி என்று அளக்க வேண்டும். ஒன்றரை அடி என்றால் 15 சதவீதச் சரிவு, இரண்டு அடி என்றால் 20. தோட்டத்தில் ஒவ்வொரு பகுதியிலும் நாலைந்து இடத்தில் பாருங்கள், பாதையையும் சேர்த்து.

இதை ஏன் கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு சின்ன டிராக்டரில் பின் சக்கரங்களுக்கு இடையே 80 சென்டிமீட்டர், எடையின் மையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காகிதக் கணக்குப்படி 36 டிகிரி சாய்ந்தால்தான் அது பக்கவாட்டில் கவிழும். கேட்க நிம்மதியாக இருக்கும். ஆனால் முன் அச்சு நடுவில் ஒரே முளையில் ஆடுகிறது; முன் சக்கரம் இரண்டும் வண்டியைத் தாங்குவதில்லை, அந்த முளைதான் தாங்குகிறது. அதாவது டிராக்டர் நிற்பது நாலு காலில் அல்ல, மூன்று காலில். அந்த 36 அங்கேயே பெரிதும் குறைந்துவிடும். அப்புறம் நிலத்தைப் பாருங்கள். 20 சதவீதச் சரிவு என்பது 11 டிகிரிதான். மேல் சக்கரம் 10 சென்டிமீட்டர் கல் மேல் ஏறினால் இன்னொரு 7 டிகிரி. அதே நேரம் கீழ்ச் சக்கரம் 10 சென்டிமீட்டர் குழியில் இறங்கினால் மேலும் 7. உங்கள் பகுதியில் காட்டுப்பன்றி ராத்திரி கிளறிப்போட்ட குழி புல்லுக்கடியில் தெரியவே தெரியாது. 11 டிகிரி சரிவு ஒரு நொடியில் 25 ஆகிவிடுகிறது, வண்டி ஓட்டத்திலும் இருக்கிறது, பின்னால் மருந்துத் தொட்டி தூக்கியிருக்கிறது என்றால் மிச்சம் எதுவும் இல்லை.

மருந்துத் தொட்டியைப் பற்றி இன்னொரு வார்த்தை. பாதி நிரம்பிய தொட்டி முழுத் தொட்டியை விட ஆபத்து. தண்ணீர் சரிவின் கீழ்ப்பக்கம் அலைந்து போய் இடிக்கும்.

என் கணக்கில் 15 சதவீதத்துக்கு மேல் குறுக்கே ஓட்டக் கூடாது. 25க்கு மேல் உட்கார்ந்து ஓட்டும் எந்த வண்டியும் வேலை செய்யக் கூடாது, நேர் மேலும் கீழுமாகக்கூட.

கோத்தகிரி கேரட்:
ஐயா சொன்னதோடு உழவையும் சேர்த்துப் பேச வேண்டும். மண்ணைக் கிளற டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் ரோட்டவேட்டரின் கத்தி சுற்றும் திசை வண்டியை முன்னால் தள்ளும் திசை. சமதரையில் அது உதவி. இறக்கத்தில் பின்னாலிருந்து யாரோ தள்ளுகிற மாதிரி இருக்கும். அதனால் சரிவில் மேலிருந்து கீழே ரோட்டவேட்டர் ஓட்டவே கூடாது. சமமான தட்டில் மட்டும் ஓட்டுங்கள், கல்லுக்கட்டு விளிம்பிலிருந்து இரண்டு அடியாவது உள்ளே தள்ளி. மழைக்காலத்தில் கட்டுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கிக் கல் தளர்ந்திருக்கும், மனிதன் நின்றால் தாங்கும், சக்கரம் ஏறினால் சரியும்.

அதோடு, காபிக்கும் வாழைக்கும் நடுவில் எதற்கு உழவு? நிழலில் விழுந்த இலையும் வேரும்தான் அந்த மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. கிளறிவிட்டு ஐப்பசி மழையில் விட்டால் மேல்மண் ஓடைக்குப் போய்விடும். எங்கள் பக்கம் காய்கறிக்காகக் கிளறிக் கிளறி மண் போன தோட்டங்களை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், மனசு கேட்பதில்லை. களையை பிரஷ் கட்டரில் வெட்டி அப்படியே போட்டுவிடுங்கள்.

மலைவாழைத் தோட்டம்:
எல்லாருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி குச்சி வைத்து அளந்தேன். பத்து அடிக்கு, கீழே பீன்ஸ் தட்டில் முக்கால் அடிக்கும் குறைவு. வாழையில் இரண்டு முதல் இரண்டே கால். காபியில் மூன்றுக்கு மேல், சில இடத்தில் மூன்றரை. ஜீப் பாதையில் பெரும்பகுதி ஒன்று, ஒன்றே கால். அந்தக் கடைசி இறக்கம் மட்டும் இரண்டரை, நடுவில் ஒரு வளைவும் இருக்கிறது. பாதையின் அகலம் அங்கே ஆறு அடிதான், ஒரு பக்கம் பள்ளம்.

சமவெளி உழவன் (ஒட்டன்சத்திரம்):
இரண்டரையா! சரி, அந்த இறக்கத்துக்கு என் வண்டியை நானே கொண்டுவர மாட்டேன். ஆனால் ஒரு கேள்வி நிற்கிறது. மினி வண்டிக்கு உதிரி கிடைக்குமா? என் ஊர்க்காரர் ஒருவர் வாங்கிய ஃபோர் வீல் மினிக்கு முன் அச்சு ஆயில் சீல் வர ஒரு சீசனே போய்விட்டது.

வத்தலக்குண்டு பட்டறை:
நியாயமான கேள்விதான் அண்ணா. அதனால் கம்பெனி பெயரை விட, சர்வீஸ் ஆள் பண்ணைக்காடு வரை ஏறி வருவாரா என்பதை முதலில் கேட்க வேண்டும். வாய்ச்சொல் வேண்டாம், அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே அவர்களிடம் வாங்கியவர்கள் இரண்டு பேரின் தொலைபேசி எண்ணை வாங்கிப் பேசிப் பாருங்கள்.

வண்டிகளைப் பற்றி: மகிந்திரா ஜீவோ 245 இரண்டு சிலிண்டர், 24 எச்.பி.; குபோட்டா நியோஸ்டார் பி2441 மூன்று சிலிண்டர், அதே 24. இரண்டும் ஃபோர் வீல், இரண்டுமே பின்னால் 750 கிலோ தூக்கும். அதற்கு மேல் ஜான் டீர் 3028, 28 எச்.பி., கொஞ்சம் கனமான வண்டி. மகிந்திரா ஓஜா 2023இல் வந்தது, 21 எச்.பி.யில் தொடங்குகிறது. இதில் எதையும் மட்டம் என்று சொல்ல மாட்டேன். இந்த வகை வண்டிக்கு மூன்று, மூன்றரை அடி ரோட்டவேட்டர் போதும். வாங்கும்போது பார்க்க வேண்டியது ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்தால் உங்கள் வளைவில் ஒரே மூச்சில் திரும்புகிறதா, மிகக் குறைந்த கியரில் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் விட்டால் எவ்வளவு மெதுவாக ஊர்கிறது, கை பிரேக் இறக்கத்தில் நிற்கிறதா. இந்த மூன்றும் விளம்பரத் தாளில் தெரியாது.

தார் ரோட்டில் சமமாக ஓடும்போது ஃபோர் வீலை எடுத்துவிடுங்கள், முன் டயர் தேய்ந்துவிடும். டயர் மாற்றும்போது முன்னும் பின்னும் கம்பெனி சொன்ன அளவே போட வேண்டும். அளவு மாறினால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றையொன்று இழுத்து கியர் பல் போகும்.

வேளாண் பொறியியல் (ஓய்வு):
உயரத்தையும் கணக்கில் சேருங்கள். டர்போ இல்லாத டீசல் இன்ஜினுக்கு ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 3 சதவீதம் சக்தி குறையும். நாலாயிரம் அடியில் 24 எச்.பி. என்பது 21 போலத்தான் வேலை செய்யும். ஒன்றரை ஏக்கர் தட்டுக்கும் அந்தப் பாதைக்கும் அது தாராளம்.

மத்தியப் பிரதேசம் புட்னியில் மத்திய அரசின் வேளாண் இயந்திரச் சோதனை நிலையம் இருக்கிறது. அங்கே சோதித்த டிராக்டர்களின் அறிக்கை இணையத்திலேயே கிடைக்கும். எடை மையத்தின் உயரம், திரும்பும் வட்டம், பிரேக் சோதனை எல்லாம் அதில் இருக்கும். விற்பனையாளரிடம் கேட்டு வாங்குங்கள், இல்லை என்றால் நீங்களே தேடி எடுங்கள்.

உங்கள் அளவைப் பார்த்தபின் என் கருத்து: காபிக்குள் டிராக்டர் இல்லை, வாழைக்குள்ளும் இல்லை. அங்கே பிரஷ் கட்டரும், மருந்துக்கு நீளமான ஹோஸும். டிராக்டரைக் கீழே சமதரையில் நிறுத்திவிட்டு, பி.டி.ஓ.வில் (டிராக்டரின் பின்னால் இன்ஜின் சக்தியில் சுழலும் தண்டு) பம்பை ஓட்டி ஹோஸை மேலே இழுத்துக்கொண்டு போகலாம். பவர் டில்லரும், களையெடுக்கும் சின்ன இயந்திரமான பவர் வீடரும் மானியத்தில் வரும். சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் மற்றவர்களை விடக் கூடுதல் சதவீதம், கருவிக்குத் தகுந்த உச்சவரம்போடு. முதலில் வாங்கிவிட்டு அப்புறம் மானியம் கேட்கப் போகாதீர்கள். உழவன் செயலியிலோ வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலோ பதிந்து, அனுமதி வந்த பிறகு வாங்குங்கள்.

டிராக்டர் வாங்கும் முன் செய்ய வேண்டிய செலவு ஒன்று இருக்கிறது. அந்தக் கடைசி இறக்கம். 25 சதவீதம், ஆறு அடி அகலம், வளைவு, ஒரு பக்கம் பள்ளம். அறுவடை நேரம்தான் மழை நேரமும். எந்த வண்டி வாங்கினாலும் அந்த ஓர் இடம்தான் உங்கள் வண்டியை முடிவு செய்யப்போகிறது. வளைவை உள்பக்கம் வெட்டி அகலமாக்கி, தண்ணீர் பாதை மேல் ஓடாமல் உள்பக்க வாய்க்காலுக்குத் திருப்பி, சக்கரம் போகும் இரண்டு தடத்துக்கு மட்டும் சொரசொரப்பாகக் கான்கிரீட் போடுங்கள். மலையில் மண் வெட்டும் இயந்திரம் இறக்குவதற்கு அனுமதி வேண்டுமா என்று வருவாய்த் துறையில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

மலைவாழைத் தோட்டம்:
அப்பாவிடம் படித்துக் காட்டினேன் ஐயா. ‘ஒரே வண்டி எல்லா வேலைக்கும்’ என்பதை அவரும் விட்டுவிட்டார். பாதையைச் சரி செய்ய ஒன்றரை லட்சமாவது ஆகும் போலிருக்கிறது. அப்படியென்றால் இந்த வருடம் பாதையும் பிரஷ் கட்டரும், பீன்ஸ் தட்டுக்கு மானியத்தில் பவர் வீடரும் வாங்கலாம் என்று நினைக்கிறோம். டிராக்டர் அடுத்த அறுவடைப் பணம் வந்த பிறகு. அதுவரை காய் ஏற்ற வாடகை ஜீப். இரண்டு சந்தேகம் மட்டும் பாக்கி. டிரெய்லரில் எவ்வளவு ஏற்றலாம்? வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்க இருக்கைக்குப் பின்னால் வரும் அந்த இரும்பு வளைவு தேவையா, காபிக் கிளையில் மாட்டாதா?

கொல்லிமலை மரவள்ளி:
நல்ல முடிவு தம்பி. வீடரைச் சரிவில் குறுக்காக ஓட்டுங்கள், மேல் தட்டிலிருந்து தொடங்குங்கள்.

வத்தலக்குண்டு பட்டறை:
இரும்பு வளைவு கட்டாயம் வேண்டும். மடக்கக்கூடியதாகவும் வருகிறது. காபிக்குள் வண்டி போகப்போவதில்லை என்று ஆகிவிட்டதால் மடக்கவே வேண்டியதில்லை, நிமிர்த்தியே வையுங்கள். வளைவு நிமிர்ந்திருந்தால் சீட் பெல்ட் போட்டே ஓட்ட வேண்டும். வளைவும் பெல்ட்டும் சேர்ந்தால்தான் காப்பு. வளைவு மடங்கியிருந்தாலோ, வளைவே இல்லாத வண்டி என்றாலோ பெல்ட் போடக் கூடாது.

சுமைக்கு நான் சொல்வது இதுதான்: டிரெய்லரும் சரக்கும் சேர்ந்து டிராக்டர் எடையைத் தாண்டக் கூடாது. மினி வண்டிகள் 650 கிலோவிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் கிலோ வரைதான். டிரெய்லரில் பிரேக் இல்லை என்றால் இன்னும் குறையுங்கள், பாதை வளையும் இடத்தில் பின்னாலிருந்து தள்ளி வண்டியை மடித்துவிடும். இரண்டு நடை கூடுதலாகப் போங்கள், பரவாயில்லை.

வேளாண் பொறியியல் (ஓய்வு):
இன்னொன்றும் அப்பாவிடம் சொல்லுங்கள். சங்கிலி போட்டு மரமோ சிக்கிய ஜீப்போ இழுக்க நேர்ந்தால், பின்னால் கீழே இருக்கும் டிராபாரில் (இழுவைக்கான இரும்புப் பட்டை) மட்டும்தான் மாட்ட வேண்டும். அச்சுக்கு மேலே, இருக்கைக்கு அடியில் எங்காவது மாட்டி இழுத்தால் முன்பக்கம் தூக்கி, வண்டி பின்னால் புரண்டுவிடும். முழுதாகப் புரள ஒன்றரை நொடிதான் ஆகும். அதில் பாதி நேரத்துக்குள்ளேயே காப்பாற்ற முடியாத நிலை வந்துவிடும், கால் கிளட்சுக்குப் போக நேரமிருக்காது.

வத்தலக்குண்டு பட்டறை:
டெமோவுக்குக் கூப்பிடும்போது ஷோரூம் மைதானத்தில் ஓட்டிப் பார்த்துத் திரும்பாதீர்கள் தம்பி. வண்டியை உங்கள் பாதைக்கே கொண்டுவரச் சொல்லுங்கள், முந்தின நாள் மழை பெய்திருந்தால் இன்னும் நல்லது. காலி டிரெய்லரோடு ஒரு தடவை, நாலு மூட்டை எருவோடு ஒரு தடவை இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். கம்பெனி ஆள் ஓட்டட்டும், நீங்கள் மேல்பக்கம் நின்று பின் சக்கரத்தைப் பாருங்கள். வர மாட்டோம் என்று சொன்னால் அடுத்த கம்பெனியைக் கூப்பிடுங்கள். தேதி முடிவானால் இங்கே எழுதுங்கள், நானும் மேலே வருகிறேன்.